வாசகர் கேள்வி – பதில்: செப்டம்பரில் திறக்கும் லீக் மண்டபம்

இம்முறை கனடாவின் எட்மண்டன் நகரிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. அந்நகரில் ஒவ்வொரு குடியிருப்புப் பகுதிக்கும் கம்யூனிட்டி லீக் என்னும் அக்கம்பக்கத்தார் சங்கம் ஒன்று உண்டு. அதன் உறுப்பினர் ஆண்டு, இலைகள் மஞ்சளாகும் காலத்தில்தான் தொடங்குகிறது. நானும் அங்கே தென்கிழக்குப் பகுதியில் ஒரு லீக்கின் உறுப்பினன் என்பதால், வந்தவற்றில் சிலவற்றை எடுத்துக்கொண்டு, தெரிந்த வரையில் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மே மாதம் மதுரையிலிருந்து குடும்பத்துடன் இங்கே குடிவந்தோம். சென்ற வாரம் கடிதப் பெட்டியில் கம்யூனிட்டி லீக்கின் இலையுதிர்காலச் செய்திமடல் கிடந்தது. உறுப்பினராகச் சேருங்கள் என்று அழைக்கிறது. இது அரசு அலுவலகமா? கட்டாயக் கட்டணமா? நம் ஊர்க் குடியிருப்போர் நலச் சங்கம் போன்றதா? – வாசகர், மில் வுட்ஸ்

பதில்: அரசு அலுவலகம் அன்று, கட்டாயமும் இல்லை. புதிய குடியிருப்புகள் சிலவற்றில் வீடு வாங்கும்போதே பத்திரத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் வீட்டு உரிமையாளர் சங்கக் கட்டணம் ஒன்று உண்டு. அதைக் கட்டியே தீர வேண்டும். அதையும் லீக்கையும் குழப்பிக்கொண்டு, 'ஏற்கெனவே கட்டிவிட்டோமே' என்று ஒதுங்கியிருப்பவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். லீக் வேறு. அது அக்கம்பக்கத்தார் தாமே சேர்ந்து நடத்தும் தன்னார்வச் சங்கம். வீடு சொந்தமா வாடகையா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

நகரில் இத்தகைய லீக்குகள் 160 அளவில் இருக்கின்றன. முதலாவது 1917ஆம் ஆண்டில், இன்று கிரெஸ்ட்வுட் என்று அழைக்கப்படும் மேற்குப் பகுதியில் தோன்றியது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில், பள்ளிக் கட்டடங்களை மாலை நேரத்தில் அக்கம்பக்கத்தாரின் கூடுமிடமாகத் திறந்துவிட்ட சமூக மைய இயக்கமே இதற்கு முன்மாதிரியாக இருந்தது. 1921இல் லீக்குகள் எல்லாம் கூடித் தமக்கென ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்திக்கொண்டன. அது இன்றும் இயங்குகிறது. நிலம் மாநகராட்சிக்குச் சொந்தம். அந்த நிலத்தின்மேல் மண்டபத்தையும் ஸ்கேட்டிங் தளத்தையும் கட்டி, பராமரித்து, நடத்துவது லீக். மாநகராட்சி, கூட்டமைப்பு, லீக் ஆகிய மூன்றும் சேர்ந்து கையெழுத்திடும் முத்தரப்பு ஒப்பந்தம் ஒன்று இதற்கெல்லாம் அடிப்படையாக இருக்கிறது.

நம் குடியிருப்போர் நலச் சங்கத்தோடு ஓரளவு ஒப்பிடலாம். ஆனால் அது பெரும்பாலும் குடிநீர், குப்பை, தெருவிளக்கு என்று மாநகராட்சியிடம் கொண்டுபோகும் முறையீடுகளைச் சுற்றியே அமைந்தது. என் பார்வையில் லீக்கிற்கு இன்னும் நெருங்கிய உறவு யாழ்ப்பாணத்துக் கிராமங்களின் சனசமூக நிலையம்தான். ஊரார் கொடுத்த காசில் எழுந்த ஒரு சிறு கட்டடம், அதற்கு ஒரு விளையாட்டுத் திடல், மாலையில் வந்து கதவைத் திறப்பதற்கு ஒருவர் என்ற அமைப்பு இரண்டிலும் ஒன்றே. அங்கே பத்திரிகை வாசிக்கக் கூடினார்கள், இங்கே பனிக்கட்டியில் சறுக்கக் கூடுகிறார்கள்.

உறுப்பினர் ஆண்டு செப்டம்பர் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை. கட்டணம் லீக்கிற்கு லீக் மாறும். பெரிய தொகை அன்று. குடும்ப அட்டை பெரும்பாலும் ஒரே வீட்டில் வசிப்போர் அனைவருக்கும் பொருந்தும். மாநகராட்சியின் உடற்பயிற்சி மையங்களில் கட்டணச் சலுகை, பல லீக்குகள் ஏற்பாடு செய்யும் இலவச நீச்சல் நேரம், குளிர்காலத்தில் வெளித்தளங்களில் சறுக்கும் உரிமை ஆகியவை அந்த அட்டையோடு வருகின்றன. செப்டம்பர் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமையை நகரம் முழுவதும் லீக் நாளாகக் கொண்டாடுகிறார்கள். அன்று மண்டபத்து வாசலில் அடுப்பு மூட்டி உணவு பரிமாறுவார்கள், குழந்தைகளுக்கு விளையாட்டுகள் இருக்கும், ஓரமாக ஒரு மேசையில் அட்டை எழுதிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். இணையத்திலும் அட்டை வாங்கலாம். ஆனால் முதல் ஆண்டு அந்த மேசைக்கே நேரில் போங்கள். எந்தத் தெருவில் குடியிருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். பதில் சொன்னதும், அதே தெருக்காரர் ஒருவரை அழைத்து வந்து உங்கள் முன்னால் நிறுத்துவார்கள்.

கேள்வி: மகன் வீட்டிற்கு வந்து எட்டு மாதமாகிறது. கோடையில் பூங்காவில் நடந்தேன். இப்போது நாள்தோறும் இருட்டு முன்னதாகவே வந்துவிடுகிறது. மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் சன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். ஊரைப் போலப் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. மருமகள் லீக்கிற்குப் போங்கள் அத்தை என்கிறாள். ஆங்கிலம் அதிகம் வராத எனக்கு அங்கே என்ன வேலை? – வாசகி, எட்மண்டன் தெற்கு

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். இருட்டு முன்னதாக வருவது உங்கள் மனப்பிரமை அன்று. செப்டம்பர் பிற்பாதியில் இந்த ஊரில் பகல்பொழுது ஒரு நாளைக்கு ஏறத்தாழ நான்கு நிமிடம் குறைகிறது. வாரத்திற்கு அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் பிற்பாதியில் பகல் ஏழரை மணி நேரத்திற்குச் சுருங்கிவிடும். ஆண்டெல்லாம் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாக இருக்கும் நாட்டிலிருந்து வந்த உடம்பும் மனமும் இதை உணராமல் இருந்தால்தான் வியப்பு. மனம் மிகவும் சோர்ந்தால் மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். இங்கே அவர்களுக்கு இது நன்கு பழகிய குறை.

லீக்கைப் பற்றி உங்கள் மருமகள் சொன்னது சரி. பல லீக்குகளில் இலையுதிர்காலத்தில் மூத்தோருக்கான காலைக் காப்பி, சீட்டாட்டம், பின்னல், மெதுவான உடற்பயிற்சி என்று ஏதேனும் ஒன்று வாரந்தோறும் தொடங்கும். மகனிடம் சொல்லி உங்கள் லீக்கின் செய்திமடலில் பார்க்கச் சொல்லுங்கள். பகலில் நடப்பதாக, நடந்து போகும் தொலைவில் இருப்பதாக ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். பனி விழுந்தபின் முதன்முதலாக வெளியே கிளம்புவது கடினம். செப்டம்பரிலேயே பாதை பழகிவிட்டால் நவம்பரில் கால் தானாக நடக்கும். நான் இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

மொழியைப் பற்றி ஒன்று சொல்கிறேன். எங்கள் மண்டபத்தில் பின்னல் குழு ஒன்று உண்டு. பஞ்சாபிலிருந்து வந்த ஒரு பாட்டியும், இங்கேயே பிறந்து வளர்ந்த எண்பது வயது கடந்த ஓர் அம்மையாரும் அதில் அடுத்தடுத்த நாற்காலிகளில் அமர்வார்கள். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. ஒருவர் தம் பின்னலைத் தூக்கிக் காட்டுவார். மற்றவர் விரலால் ஒரு கண்ணியைத் தொட்டு, தலையை ஆட்டி, அதைப் பிரித்துத் தம் ஊசியால் திருத்திக் கொடுப்பார். இப்படியே இரண்டு மணி நேரம் போகும். வீட்டிற்குக் கிளம்பும்போது ஒருவர் சால்வையை மற்றவர் சரிசெய்துவிடுவார். உங்களுக்குப் பூத்தொடுக்கத் தெரிந்தால் அதையே கொண்டுபோங்கள்.

கேள்வி: எங்கள் லீக்கிற்கு வரும் அக்டோபரில் கசினோ முறை வந்திருக்கிறதாம். தன்னார்வலராக இரவு வேலைக்கு வரும்படி கேட்டார்கள். சூதாட்டப் பணத்தில் நடக்கும் சங்கத்தில் நாம் சேரலாமா? – வாசகர், எட்மண்டன்

பதில்: முதலில் அந்த ஏற்பாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆல்பர்ட்டா மாகாணத்தில் உரிமம் பெற்ற தொண்டு அமைப்புகள், சில ஆண்டுகளுக்கு ஒரு முறை, கசினோ ஒன்றில் தொடர்ந்து இரண்டு நாள்கள் தன்னார்வலர்களை நிறுத்தி வேலை செய்கின்றன. காசாளராக இருப்பது, சில்லுகளை மேசைகளுக்கு எடுத்துச் செல்வது, கடைசியில் எண்ணும் அறையில் பணத்தை எண்ணுவது போன்ற வேலைகள் அவை. இரவு முறை நள்ளிரவைத் தாண்டியும் நீளும். தொண்டு அமைப்புகளுக்கு உரிய பங்கு மண்டல வாரியாக ஒன்றாகச் சேர்க்கப்பட்டு, அந்தக் காலப்பகுதியில் பணிசெய்த அமைப்புகளுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. ஆகவே நீங்கள் நின்ற இரவில் யார் எவ்வளவு தோற்றார்கள் என்பதற்கும் உங்கள் லீக்கின் தொகைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அந்தப் பணத்தை மாகாணம் ஏற்றுக்கொண்ட நோக்கங்களுக்கே செலவிட முடியும். மண்டபத்துக் கூரை, வெப்பமூட்டி, ஸ்கேட்டிங் தளத்தின் பலகைகள் ஆகியவற்றில் பெரும்பகுதி இப்படித்தான் வருகிறது. உறுப்பினர் கட்டணத்தை மட்டும் வைத்து ஒரு கூரையை மாற்ற முடியாது.

உங்கள் தயக்கத்தை நான் மதிக்கிறேன். அது எனக்கும் உண்டு. ஒரு முறை இரவு வேலைக்குப் போனேன். விடியும்வரை ஒரே இயந்திரத்தின் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துவிட்டு வந்த பிறகு மறுமுறை போக மனம் வரவில்லை. அதை எங்கள் தலைவரிடம் வெளிப்படையாகச் சொன்னேன். அவர் வருத்தப்படவில்லை, அதற்கு ஈடாக இலை வாரும் நாளுக்கு ஆள் சேர்க்கும் பொறுப்பைக் கொடுத்தார். மனச்சாட்சி இடங்கொடுக்காவிட்டால் இதை மட்டும் மறுத்துவிட்டு வேறு வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். இதன் பொருட்டு லீக்கையே விட்டு விலகுவது சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: வீட்டின் முன்னால் உள்ள எல்ம் மரத்தின் கிளையொன்று கூரையில் உரசுகிறது. ஆகஸ்டில் வெட்டப் போனபோது பக்கத்து வீட்டுக்காரர் தடுத்தார். ஏன்?

பதில்: அவர் உங்களுக்கு நன்மையே செய்தார். ஆல்பர்ட்டாவில் ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை எல்ம் மரங்களைக் கழிப்பது தடைசெய்யப்பட்டுள்ளது. டச்சு எல்ம் நோயைப் பரப்பும் வண்டுகள் அந்த மாதங்களில் பறந்து திரியும். புதிதாக வெட்டிய காயத்தின் வாசனை அவற்றை ஈர்க்கும். அந்நோய் 2024இல் எட்மண்டனிலேயே கண்டறியப்பட்டது என்பதால் இப்போது எல்லோரும் கூடுதல் கவனமாக இருக்கிறார்கள். அக்டோபர் பிறந்ததும் வெட்டலாம். ஆனால் மரம் உங்கள் எல்லைக்குள் இருக்கிறதா, சாலையோர மாநகராட்சி நிலத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; மாநகராட்சி மரத்தில் நீங்கள் கைவைக்கக்கூடாது. வெட்டிய எல்ம் விறகைச் சேமித்து வைக்காதீர்கள்.

கேள்வி: நாங்கள் இன்னும் குடியுரிமை பெறவில்லை, நிரந்தரவாசிகள்தான். லீக்கின் ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்கு அழைப்பு வந்திருக்கிறது. எங்களுக்கு அங்கே வாக்கு உண்டா? – வாசகி, எட்மண்டன் வடக்கு

பதில்: உண்டு. இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி. ஏனெனில் இது பலருக்கும் தெரிவதில்லை. மாநகராட்சித் தேர்தலில் வாக்களிக்கக் கனடியக் குடியுரிமை வேண்டும். லீக்கிலோ, சங்கத்தின் எல்லைக்குள் வசித்து உறுப்பினராக இருந்தால் போதும். துணைவிதிகள் லீக்கிற்கு லீக் சிறிது வேறுபடலாம் என்பதால், கூட்டத்திற்கு எத்தனை நாள் முன்பு உறுப்பினராகியிருக்க வேண்டும் என்று மட்டும் செயலாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

2025இல் மாநகராட்சித் தேர்தலும் தீபாவளியும் அக்டோபர் 20 என்ற ஒரே நாளில் வந்தன. அன்று காலை எண்ணெய்க் குளியல் முடித்துப் புதுத்துணியுடன் வாக்களிக்கப் போனவர்களும் எங்கள் தெருவில் இருந்தார்கள். குடியுரிமை இல்லாததால் வீட்டில் இருந்தவர்களும் இருந்தார்கள். வரி கட்டுகிறோம், பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள், ஆனால் சொல்லுக்கு மதிப்பில்லை என்ற எண்ணம் அந்த ஆண்டுகளில் மனத்தை அரிக்கும். அந்த இடைக்காலத்தில் கையை உயர்த்தி வாக்களிக்கவும், பொறுப்பேற்கவும், கணக்குக் கேட்கவும் வாய்ப்புத் தரும் அவை இது ஒன்றே என்பேன்.

மாகாணத்தின் சங்கங்கள் சட்டத்தின்படி லீக் ஆண்டுதோறும் பொதுக்கூட்டம் நடத்தித் தணிக்கை செய்த வரவுசெலவுக் கணக்கை உறுப்பினர் முன் வைக்க வேண்டும். கணக்கைத் தணிக்கை செய்பவர் பட்டயக் கணக்காளராக இருந்தாக வேண்டும் என்பதில்லை. நிர்வாகக் குழுவில் இல்லாத இரண்டு உறுப்பினர்களே பல இடங்களில் இதைச் செய்கிறார்கள். வங்கியிலோ கணக்கியலிலோ பணிசெய்த நம்மவர் எத்தனையோ பேர் இங்கே தகுதிக்கேற்ற வேலை கிடைக்கும்வரை காத்திருக்கிறார்கள். அவர்கள் இந்தப் பொறுப்பை ஏற்றால் லீக்கிற்கும் உதவி; கனடாவில் செய்த பணி என்று தம் விண்ணப்பத்தில் எழுதிக்கொள்ளவும் ஒரு வரி கிடைக்கும்.

கூட்டத்தில் பேச அஞ்ச வேண்டாம். பெரும்பாலான கூட்டங்களில் முப்பது நாற்காலி போட்டு, கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை (கோரம்) நிறைய வேண்டுமே என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் இருவரும் உள்ளே நுழைந்தால் அதுவே அவர்களுக்குப் பெரிய நிம்மதி.

கேள்வி: நவராத்திரிக்கு ஒரு நாள் மாலை லீக் மண்டபத்தில் கொலு வைத்து எல்லோரையும் அழைக்கலாம் என்று நான்கு குடும்பங்கள் நினைக்கிறோம். எப்படிக் கேட்பது?

பதில்: கோடையிலேயே கேட்டிருக்க வேண்டும், செப்டம்பரில் மண்டபத்தின் வாரநாள் மாலைகள் வகுப்புகளுக்குப் போய்விடும். ஒன்பது நாளும் வேண்டுமென்று கேட்காமல், ஒரு சனிக்கிழமை மாலையைக் கேளுங்கள். உறுப்பினர்களுக்கு வாடகை பெரும்பாலும் குறைவு. வைப்புத்தொகையும் காப்புறுதியும் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குத்துவிளக்கு ஏற்றலாமா என்பதையும் முன்னதாகவே கேட்பது நல்லது. தீச்சுடருக்கு அனுமதியில்லாத மண்டபங்கள் உண்டு. தீபாவளிக்குப் பட்டாசு என்று யாரேனும் ஆசைப்பட்டால், நகரத் தீயணைப்புத் துறையின் அனுமதி இல்லாமல் இங்கே வெடிக்க முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

தனியார் விழாவாக வாடகைக்கு எடுப்பதைவிட, லீக்கின் இலையுதிர்கால நிகழ்ச்சிகளுள் ஒன்றாகவே நடத்தித் தருகிறோம் என்று நிர்வாகக் குழுவிடம் சொல்லிப்பாருங்கள். அறுவடைக் கால விருந்தொன்றை யார் பொறுப்பேற்பார் என்று தேடிக்கொண்டிருக்கும் குழு அதை மகிழ்ச்சியோடு ஏற்கக்கூடும். செய்திமடலிலும் உங்கள் அழைப்பு இடம்பெறும். சுண்டல் கிண்ணத்தின் அருகே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஓர் அட்டையில் எழுதி வையுங்கள். நிலக்கடலை ஒவ்வாமை இங்கே உயிரைப் பறிக்கக்கூடிய விஷயம். ஆகவே அன்றைக்குக் கொண்டைக்கடலையோடு நிறுத்திக்கொள்வதே பாதுகாப்பு.

கேள்வி: நடைபாதையில் பனிக்கட்டி உறைந்தால் தூவுவதற்கு மணல் இலவசமாகக் கிடைக்கும் என்கிறார்களே, எங்கே?

பதில்: மாநகராட்சி ஆங்காங்கே மணற்பெட்டிகளை வைக்கிறது, அவற்றுள் சில லீக் மண்டபங்களின் அருகிலேயே இருக்கும். வாளி ஒன்றை எடுத்துப்போய் உங்கள் வீட்டுக்குத் தேவையான அளவு அள்ளிக்கொள்ளலாம். வீட்டின் முன்னுள்ள நடைபாதையைச் சுத்தமாக வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை. அள்ளும்போது பக்கத்தில் முதியவர் யாரேனும் தனியே வசிக்கிறார் என்றால் இன்னொரு வாளியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஸ்கேட்டிங் தளத்திற்கு நீர் விடும் குழுவில் என் பெயரை எழுதிவிட்டார்கள். நான் கோயம்புத்தூர்க்காரன், பனிக்கட்டியைக் குளிர்பெட்டியில்தான் பார்த்திருக்கிறேன். அக்டோபரில் முதல் கூட்டம் என்கிறார்கள். உறைபனியே இல்லாதபோது என்ன வேலை? – வாசகர், எட்மண்டன் தென்கிழக்கு

பதில்: இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். பனிக்கட்டித் தளத்தின் வேலை அக்டோபரில்தான் தொடங்குகிறது. தளத்தின் மீது கிடக்கும் இலைகளை ஒன்றுவிடாமல் வாரியெடுக்க வேண்டும். ஓர் இலை பனிக்கட்டிக்குள் உறைந்துபோனால், அதன் கருநிறம் வெயிலை உறிஞ்சிச் சுற்றியுள்ள பனிக்கட்டியை உருக்கும். உள்ளங்கை அளவு குழி விழும். சறுக்கிவரும் சிறுபிள்ளையின் காலணி அதில் மாட்டினால் முகம் குப்புற விழுவான். அதோடு சுற்றுப்பலகைகளில் தளர்ந்த ஆணிகளை அறைவது, விளக்குகளைப் பார்ப்பது, குழாயை விரித்துக் கசிவு இருக்கிறதா என்று சோதிப்பது எல்லாம் விரல் விறைக்கும் முன்பே முடிய வேண்டிய வேலைகள்.

அதன்பின் காத்திருப்பு. தரை உறைய வேண்டும். பகலிலும் வெப்பநிலை மைனஸ் 5 அளவிலோ அதற்குக் கீழோ தொடர்ந்து சில நாள் நிற்க வேண்டும். பெரும்பாலும் நவம்பர் பிற்பாதியோ டிசம்பரோ ஆகிவிடும். முதலில் விழுந்த பனியை மிதித்து இறுக்கி, அதை நனைத்து அடித்தளம் அமைப்பார்கள். அதன்மேல் மெல்லிய படலமாக நீர் விட்டு, அது முழுவதும் உறைந்தபின் அடுத்த படலம் என்று பல இரவுகள் செய்ய வேண்டும். அவசரப்பட்டு ஒரே மூச்சில் வெள்ளமாக விட்டால் மேற்பரப்பு மட்டும் உறையும். அடியில் உள்ள நீர் வடிந்துபோய், உள்ளே கூடு போல வெற்றிடம் நிற்கும். கால் வைத்ததும் அப்பளம் போல நொறுங்கும். நெல் வயலுக்கு மடை திறந்து நீர் கட்டியவர்களுக்கு இந்தப் பொறுமை எளிதில் கைவரும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். எங்கள் குழுவில் தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயி வீட்டுப் பிள்ளை ஒருவர் இருக்கிறார், நீர் எந்த மூலைக்கு ஓடும் என்பதை விளக்கில்லாமலே சொல்லிவிடுவார்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். நீர் விட்டு முடித்ததும் குழாயின் ஒரு முனையைத் தோளுயரத்திற்குத் தூக்கிப் பிடித்தபடி மறுமுனை வரை நடந்து, உள்ளிருக்கும் நீரை முழுவதும் வடித்து, சுருட்டி மண்டபத்திற்குள் வைத்துவிட வேண்டும். முதல் ஆண்டில் நான் அதை மறந்து வெளியே விட்டுவிட்டேன். காலையில் அது இரும்புக் கம்பி போல விறைத்துக் கிடந்தது. வளைத்தால் உடையும், தூக்கினால் கதவுக்குள் நுழையாது. அன்று இரவு நீர் விட முடியவில்லை. அந்த வார இறுதிக்குள் தளம் திறக்கும் என்று நம்பியிருந்த பிள்ளைகளிடம் இன்னும் மூன்று நாள் ஆகும் என்று சொல்ல வேண்டியிருந்தது.

அக்டோபர்க் கூட்டத்திற்குக் கையுறை இரண்டு இணை கொண்டுபோங்கள். ஒன்று இலை வாருவதற்கு. அது நனைந்ததும் மாற்றிக்கொள்ள மற்றொன்று. காலுக்கு ரப்பர் பூட்சும் கம்பளிக் காலுறையும் போதும்.